எம்.பி.ஏ. படிப்பில் ‘சமூக பொறுப்பு’: தோட்ட தொழிலாளிக்கு என்ன லாபம்?

பந்தலூர்:
எம்.பி.ஏ. கல்லூரி விளம்பரங்களில் ‘பி.ஆர்.எம்.இ. உறுப்பினர்’ என்ற வரியை சிலர் பார்த்திருக்கலாம். அது என்ன?

லாபம் பார்ப்பதோடு தொழிலாளி, சுற்றுச்சூழல், ஊர் மக்கள் பற்றியும் யோசிக்கும் மேனேஜர்களை உருவாக்குவோம் என்று கல்லூரிகள் தரும் உறுதிமொழிதான் அது. ஐ.நா. ஆதரவில் 2007-ல் தொடங்கியது. உலகம் முழுக்க 800-க்கும் மேற்பட்ட கல்வி நிறுவனங்கள் இதில் சேர்ந்துள்ளன. செய்ததை அறிக்கையாக தர வேண்டும். தராவிட்டால் பட்டியலில் இருந்து பெயர் நீக்கப்படும்.

‘அதான் 2 சதவீத சட்டம் இருக்கே’ என்று கேட்கலாம். 2014 ஏப்ரல் முதல் பெரிய கம்பெனிகள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தை சமூக பணிக்கு செலவிட வேண்டும் என்பது நிஜம். ஆனா லாபமே இல்லாத கம்பெனி என்ன செய்யும்?

பதில் நம்ம ஊரிலேயே இருக்கு. 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையில் இருந்து தாயகம் திரும்பிய தமிழர்களுக்கு வேலை தர 1968-ல் தொடங்கியது அரசு தேயிலை திட்டம். அதுதான் இன்றைய டேன்டீ. பந்தலூர், சேரம்பாடி பகுதிகளில் பல குடும்பங்களுக்கு அதுதான் சோறு. நஷ்டம், ஆள் பற்றாக்குறை என்று சொல்லி, 2022-ல் சுமார் 2,152 ஹெக்டேர் டேன்டீ நிலத்தை வனத்துறைக்கு ஒப்படைக்க அரசு உத்தரவிட்டது. வேலை போகுமா, லைன் வீடு போகுமா என்று தொழிலாளர்கள் போராட்டத்தில் இறங்கினர்.

கணக்கு புத்தகத்தில் அது நஷ்ட நிலம். லைன் வீட்டில் இருப்பவருக்கு அது 3 தலைமுறை வாழ்க்கை. இரண்டையும் சேர்த்து பார்க்க கற்றுத்தருவதுதான் இந்த படிப்பின் வேலை. நன்கொடை கொடுத்து போட்டோ எடுப்பது இல்லை.

கூடலூர் வட்டாரத்தில் இருந்து பாடம் வெளிநாட்டுக்கும் போயிருக்கிறது. கூடலூர், பந்தலூர் ஆதிவாசிகள் மத்தியில் 1980-களில் ‘அக்கார்டு’ அமைப்பை தொடங்கியவர்களில் ஒருவர் ஸ்டான் தேக்கேகரா. ஆதிவாசிகளின் தேயிலையை இடைத்தரகர் இல்லாமல் நுகர்வோர் குழுக்களிடம் சேர்க்கும் ‘ஜஸ்ட் சேஞ்ச்’ அவரது முயற்சி. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக பிசினஸ் ஸ்கூலின் ஸ்கோல் மையம் அவரை ஆய்வாளராக அழைத்தது.

நீலகிரியில் இருந்து எம்.பி.ஏ. சேர கோவை, சென்னை போகும் மாணவர்கள் கல்லூரியில் ‘பிளேஸ்மென்ட் எவ்வளவு’ என்று மட்டும் கேட்காமல், இந்த அறிக்கையையும் கேட்டு வாங்கி படிக்கலாம். ஊருக்குள் போய் செய்த வேலை அதில் இருக்கிறதா, மரம் நட்ட போட்டோ மட்டும்தானா என்பது 10 நிமிடத்தில் தெரிந்துவிடும்.