பொக்காளியின் சிவப்பு வயிற்றில் என்ன ஆகிறது?

அக்டோபர் மாதம் வைப்பின் தீவின் வயல்களுக்குப் போனால் நெல் அறுவடையா, மீன்பிடிப்பா என்று குழப்பம் வரும். இடுப்பளவு நீரில் நின்றபடி பெண்கள் கதிரை மட்டும் அறுத்தெடுக்கிறார்கள். தாள் தண்ணீரிலேயே கிடந்து அழுகும். அடுத்து வரப்போகும் இறாலுக்கு அது தீனி. உரம் கிடையாது, பூச்சி மருந்து கிடையாது. மருந்து தெளித்தால் இறால் செத்துவிடும் என்பது இங்கு யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இதுதான் பொக்காளி. உப்பைத் தாங்கும் நெல். ஜூனில் மழை வயலின் உப்பைக் கழுவியதும் மண்மேடுகளில் முளைவிட்ட விதை விழுகிறது. நவம்பரில் கடல் நீர் திரும்பி வர, வயல் ஏப்ரல் 14 வரை இறால் பண்ணை. உலகெங்கும் நெல் விஞ்ஞானிகள் உப்புத் தாங்கும் ரகங்களை உருவாக்கப் பயன்படுத்தும் 'சால்டால்' என்ற மரபணுப் பகுதி பொக்காளியிலிருந்து கிடைத்ததுதான். வைற்றிலா நெல் ஆராய்ச்சி நிலையம் இதிலிருந்து பல ரகங்களை வெளியிட்டிருக்கிறது. 2008-09இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இத்தனை பெருமை இருந்தும் பரப்பு சுருங்கிக்கொண்டே வருகிறது. சேற்றில் இயந்திரம் இறங்காது, ஆள் கிடைப்பதில்லை, இறாலில் வரும் காசு நெல்லில் வருவதில்லை. அதனால் நல்ல விலைக்கு ஒரு வழி தேடப்படுகிறது. அரிசியின் சிவப்பு நிறமும், அதோடு ஒட்டிக்கொண்ட 'ஆன்டி ஆக்ஸிடன்ட்' என்ற மந்திரச் சொல்லும் அப்படித்தான் வந்து சேர்ந்தன.

சிவப்பில் விஷயம் இல்லாமல் இல்லை. சிவப்பரிசியின் மேல்தோலில் இருப்பவை புரோஆந்தோசயனிடின் எனப்படும் துவர்ப்புப் பொருள்கள். செட்டிநாட்டுக் கருப்புக் கவுனியின் நிறம் ஆந்தோசயனின். (நெல்லின் இயல்பான நிறமே சிவப்புதான். ஒரு மரபணுவில் 14 எழுத்துகள் விடுபட்டுப் போனதால் பிறந்ததே நாம் கொண்டாடும் வெள்ளை அரிசியில் பெரும்பகுதி.) சோதனைக் குழாயில் இரண்டுமே அமோகமாக மதிப்பெண் வாங்குகின்றன. சிக்கல் என்னவென்றால், யாரும் அரிசியைச் சோதனைக் குழாயால் சாப்பிடுவதில்லை. அமெரிக்க வேளாண் துறை, உணவுகளின் ஆன்டி ஆக்ஸிடன்ட் அளவுகளைப் பட்டியலிட்டு வைத்திருந்த தன் தரவுத்தளத்தை 2012இல் விலக்கிக்கொண்டது. அந்த எண்களுக்கும் உடலில் நடப்பதற்கும் தொடர்பு காட்ட முடியவில்லை என்பதே காரணம்.

இப்போது ஆய்வுக்கூடங்கள் செயற்கை வயிற்றையே அமைத்துப் பார்க்கின்றன. 2014இல் சர்வதேச விஞ்ஞானிகள் வகுத்த பொது முறைப்படி, 37 டிகிரி வெப்பத்தில் உணவு முதலில் அமிலத்திலும் பிறகு குடல் சாற்றிலும் தலா இரண்டு மணி நேரம் ஊறுகிறது. ஆந்தோசயனின் வயிற்று அமிலத்தில் சுகமாக இருக்கிறது. அமிலம் தணிந்த சிறுகுடலுக்கு வந்ததும் உடைந்துபோகிறது. அப்படியே ரத்தத்தில் சேர்வது மிகச் சொற்பம். பொக்காளி வகையின் துவர்ப்புப் பொருள்கள் வேறு மாதிரி. மூலக்கூறு பெரிது, குடல் சுவரைத் தாண்டாது. போகிற வழியில் புரதத்தையும், மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் நொதியையும் பிடித்துக்கொள்கிறது. சிவப்பரிசிச் சோற்றில் சர்க்கரை மெதுவாக ஏறும் என்று சொல்லப்படுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அப்படியானால் எல்லாம் வீண்தானா? இல்லை. தானியத் தோலில் நாரோடு பிணைந்து கிடக்கும் ஃபெருலிக் அமிலத்தில் பெரும்பகுதியை சிறுகுடலால் கழற்ற முடிவதில்லை. பெருங்குடலில் உள்ள பாக்டீரியாக்கள் கழற்றுகின்றன. துவர்ப்புப் பொருள்களையும் அவையே சிறு துண்டுகளாக்குகின்றன. அந்தத் துண்டுகளே ரத்தத்துக்குப் போகின்றன. பாக்கெட்டில் அச்சாகும் பெயர் ஒன்று, உடம்பில் வேலை பார்ப்பது வேறொன்று. ஒருவர் குடலில் உள்ள பாக்டீரியா அடுத்தவர் குடலில் இருக்கும் என்பதற்கும் உத்தரவாதமில்லை.

இதற்கெல்லாம் முன்னால் சமையலறை இருக்கிறது. ஆலையில் தோலைத் தீட்டிவிட்டால் நிறமும் போச்சு, சத்தும் போச்சு. புழுக்கும்போதும் வேகும்போதும் ஒரு பங்கு குறைகிறது. வடித்த கஞ்சியோடு கரைந்தது வெளியேறுகிறது. அரிசியும் நீருமாகக் குடிக்கும் கேரளத்துக் கஞ்சி, அந்த வகையில் வடித்த சோற்றைவிடக் கெட்டிக்காரத்தனமான சமையல்.

விளம்பரங்கள் சொல்லாத ஒன்றும் உண்டு. இதே துவர்ப்புப் பொருள்கள் இரும்புச் சத்தையும் பிடித்து வைத்துக்கொள்கின்றன. கேழ்வரகுத் தோலுக்கும் இந்தக் குணம் உண்டு. ரத்தசோகை பரவலாக இருக்கும் நாட்டில் இது சின்ன விஷயமில்லை. எலுமிச்சையோ நெல்லிக்காயோ கூடச் சேர்ந்தால் வைட்டமின் சி அந்தப் பிடியைத் தளர்த்தும்.

நோய் தீர்க்கும் மருந்தாகப் பொக்காளியை விற்பது அதற்கு நல்லதல்ல. ரசாயனம் படாமல் உப்பு நீரில் விளைந்த, தோல் நீக்காத அரிசி என்று சொன்னாலே விலை கேட்க நியாயம் இருக்கிறது. இப்போதைக்கு வைப்பினில் பேச்சு அதுவல்ல. ஏப்ரல் 14க்குப் பிறகு இறால்காரர்கள் மதகைத் திறந்து வயலை வடியவிடுவார்களா, இல்லை வருஷம் முழுக்க உப்புத் தண்ணீரையே தேக்கி வைப்பார்களா என்பதுதான். மே மாதத்துக்குள் வயல் காயாவிட்டால் மண்மேடு எழுப்ப முடியாது. அந்த வருஷம் நெல் கிடையாது.