ஆட்டங்களால் வகுத்துப் பாருங்கள்

657 ஆட்டம், 270 கோல், 645 உதவி. ஆக 915 புள்ளி. ஐஸ் ஹாக்கியின் என்.ஹெச்.எல். போட்டிகளில் பாஸ்டன் புரூயின்ஸ் அணியின் தற்காப்பு ஆட்டக்காரர் பாபி ஆரின் மொத்தக் கணக்கு இதுதான். பின்னாளில் அதே அணியின் தற்காப்பைத் தாங்கிய ரே போர்க், 1,612 ஆட்டங்களில் 1,579 புள்ளி சேர்த்தார். கூட்டுத்தொகையில் பாபி வெகுதூரம் பின்னால். ஆட்டத்தால் வகுத்தால் போர்க்குக்கு 0.98, பாபிக்கு 1.39! கோல் போடுவதையே தொழிலாகக் கொண்ட முன்வரிசைக்காரர்களில்கூட இந்த விகிதத்தை எட்டியவர்கள் மிகச் சிலர்.

1970–71 பருவத்தில் மட்டும் 139 புள்ளி. தற்காப்பு ஆட்டக்காரர்களில் இன்றுவரை யாரும் அதைத் தொடவில்லை. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது 124 என்ற எண். அவர் களத்தில் இருந்தபோது அணி போட்ட கோல்களிலிருந்து வாங்கிய கோல்களைக் கழித்தால் (எதிரணியில் ஆள் குறைந்த நேரத்தில் போட்டவை சேராது) மிஞ்சிய தொகை அது. முன்னேறிப் போய் அடித்தவர், பின்வாசலைத் திறந்து போட்டுவிட்டுப் போகவில்லை. 1970, 1972 ஸ்டான்லி கோப்பைகள் இரண்டிலும் வெற்றிக் கோல் அவருடையதே.

பற்றுப் பக்கத்தில் இடது முழங்கால். இரண்டாம் பருவத்திலேயே 46 ஆட்டத்தோடு நின்றது. மூட்டைத் திறந்து குருத்தெலும்பை வெட்டி எடுப்பதுதான் அன்றைய வைத்தியம். ஒவ்வொரு வெட்டுக்கும் எலும்போடு எலும்பு உரசுவது கூடியது. மொத்தம் ஒரு டஜனுக்கும் மேற்பட்ட அறுவைகள்.

பணக் கணக்கு இன்னும் கொடுமை. 1976இல் புரூயின்ஸ் நிர்வாகம் அணியில் 18.5 சதவீதப் பங்கு தர முன்வந்தது. முகவர் ஆலன் ஈகிள்சன் அதை அவருக்குச் சொல்லவில்லை. பாபி சிகாகோவுக்குப் போனார்: 5 ஆண்டு, 30 லட்சம் டாலர். ஆட முடியாமல் போனபோது அந்தச் சம்பளத்தை வாங்க மறுத்தார். ஓய்வு பெற்றபோது கையில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஈகிள்சன் மோசடிக் குற்றத்தை ஒப்புக்கொண்டது 1998இல்தான்.

1974–75இல் 80 ஆட்டங்களிலும் இறங்கி 46 கோல், 135 புள்ளி எடுத்தார். அப்போது வயது 27. அதற்குப் பிறகு பாஸ்டனில் 10, சிகாகோவில் 26. அந்த 36 ஆட்டங்களில், அந்தக் காலோடு, 45 புள்ளி.