பற்றவைத்தால் போகும் பதம்

கொல்லுப்பட்டறையில் அரிவாள் அடிப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். செக்கச் செவேலென்று காய்ந்த இரும்பைச் சட்டென்று தண்ணீரில் முக்குவார்கள். இரும்பு கெட்டிப்படும். அப்படியே விட்டால் கல்லில் பட்டதும் தெறித்துவிடும். அதனால் மறுபடி கொஞ்சம் சூடு காட்டிப் பதப்படுத்துவார்கள். டாங்கியின் கவசத் தகட்டுக்கும் இதே வைத்தியம்தான். உலைதான் பெரிது.

அந்தத் தகடுகளைப் பற்றவைக்கும்போதுதான் வம்பு. உருகிய தையலை ஒட்டியுள்ள இரும்பு உருகாமலே நன்றாகப் பழுத்துவிடும். சுற்றியுள்ள தடித்த தகடோ குளிர்ந்து கிடக்கிறது. சூட்டை நொடிகளில் உறிஞ்சிவிடும். தண்ணீரில் முக்கிய மாதிரியேதான்! அந்த இடம் கண்ணாடிபோல நொறுங்கக்கூடியதாகிறது. சில மில்லிமீட்டர் தள்ளி, 600 டிகிரி வரை மட்டுமே சூடேறிய பகுதிக்கு நேர்மாறான கேடு: பதம் மிஞ்சி இளகிவிடும். சினிமாவில் காரைச் சுற்றித் தகடுகளைப் பற்றவைத்துக் கொண்டு கிளம்பும் கதாநாயகன் இதையெல்லாம் யோசிப்பதில்லை.

1941இல் இது உயிர்ப் பிரச்சினையானது. ஜெர்மானியப் படை நெருங்கவே, கீவ் நகரில் இருந்த யெவ்கேனி பட்டோனின் வெல்டிங் ஆய்வு நிறுவனம் யூரல் மலைப்பக்கம் நிஸ்னி தகிலுக்கு இடம்பெயர்ந்தது. அங்கே டி-34 டாங்கிகளைத் தானியங்கி எந்திரத்தால், பொடிக்குள் புதைந்து எரியும் மின்சுடரில் பற்றவைக்க முயன்றார்கள். தையல்கள் விரிசல் விட்டன. தகட்டிலுள்ள கார்பன் உருகிய குழம்பில் கலந்து தையலையும் முரடாக்கியதே காரணம். கார்பன் குறைந்த கம்பி ஒன்றைப் பள்ளத்தில் முன்கூட்டியே கிடத்தினார்கள். தகடு உருகிக் கலப்பது குறைந்தது, விரிசலும் அடங்கியது. எந்திரத்தை இயக்கியவர்களில் பெண்களும் பதின்ம வயதினரும் இருந்தார்கள்.

இன்னொரு எதிரி ஈரம். வெல்டிங் ராடின் பூச்சில் ஒட்டிய ஈரத்திலிருந்து ஹைட்ரஜன் பிரிந்து, முரடான இரும்புக்குள் புகுந்து உட்கார்ந்து, பிறகு அதை விரிசல் விடவைக்கும். அதனால்தான் ராடுகளை அடுப்பில் வைத்துக் காயவைக்கிறார்கள். தகட்டையும் அளவாக முன்சூடு காட்டுகிறார்கள். அளவு மீறினால் தகட்டின் பதமே போய்விடும். ஹைட்ரஜனைத் தன்னுள் பிடித்து வைத்துக்கொள்ளும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ராடுகளுக்குக் கவச வேலையில் மவுசு இருப்பதும் இதனால்தான்.

இந்த விரிசல் உடனே தெரியாது. பளபளவென்று நிற்கும் தையல் மறுநாள் இரவில்கூடப் பிளக்கும். ஆகவே, இறுதிப் பரிசோதனைக்குப் பெரும்பாலும் 48 மணி நேரம் காத்திருக்கிறார்கள்.