நீராவிக்கு இடம் விடுவோம்

மதுரைப் பஞ்சாலைகளில் நமக்குத் தெரிந்த விஷயம்தான்: காற்று உலர்ந்தால் நூல் அறும். அதனால் நூற்பு அறையில் ஈரப்பதத்தை 55–60 சதவீதம் அளவில் வைப்பார்கள். வெயில் ஊர் என்பதால் பெரும்பாலும் தண்ணீர் தெளித்தே இது நடக்கிறது. தண்ணீர் ஆவியாகும்போது காற்றும் குளிரும்.

சுத்தமான ஈரம் தேவைப்படும் மருத்துவமனை போன்ற இடங்களில் காற்றுக் குழாய்க்குள் நீராவி விடுவதுண்டு. அது காற்றில் முழுதாகக் கலக்கும்வரை வளைவோ வடிகட்டியோ குறுக்கிடக் கூடாது. குறுக்கிட்டால் நீர் படியும், பூஞ்சை வளரும். அந்தக் காற்றைத்தான் நோயாளி சுவாசிப்பார். காற்று குளிர்ந்திருந்தாலோ, ஈரம் அதிகம் வேண்டுமென்றாலோ இந்தத் தூரம் நீளும். நீராவிக் குழல்களைக் கூட்டினால் குறையும்.

இங்கும் வளைகுடாவிலும் டக்ட் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள், தயாரிப்பாளரின் அட்டவணைப்படி இடம் ஒதுக்கிய பிறகே தகட்டை வெட்டட்டும்.