‘தண்ணி’ போட்டால் பலகை கிடையாது! கோவளம் மீனவர் ஊரில் கறார்

முதுகில் மூட்டை, காலில் ரப்பர் செருப்பு! மாமல்லபுரம் போகும் வெளிநாட்டு வாலிபர்கள் பலர், வழியில் கோவளத்தில் இறங்கி விடுகிறார்கள். எதற்கு? ‘சர்பிங்’ எனும் அலைச்சறுக்குக்கு!

சென்னையில் இருந்து கிழக்கு கடற்கரை சாலையில் சுமார் 40 கிலோ மீட்டர். தர்காவும் மாதா கோவிலும் உள்ள ஊர். ‘ஒரு ராத்திரி தங்கிட்டுப் போயிடலாம்’ என்று வருகிறவர்கள் விடியற்காலையிலேயே பலகையோடு கடலில் நிற்கிறார்கள். வெயில் ஏறி காற்று கிளம்பினால் அலை கலைந்து விடும்.

மீனவர் தொடங்கிய பள்ளி

இதற்கு வித்திட்டவர் உள்ளூர் மீனவர் மூர்த்தி மேகவன். சிறு வயதில் மரப்பலகையை வைத்து அலையில் விளையாடியவர். 2012-ல் அலைச்சறுக்கு பள்ளி தொடங்கினார். ஊர் பையன்களுக்கு நிபந்தனை ஒன்றுதான்: சிகரெட் கூடாது, குடி கூடாது! அதை மீறினால் பலகை கிடையாது. கற்றுத் தேறிய பையன்கள் இன்று வெளியூர்க்காரர்களுக்கு வாத்தியார்கள்.

உஷார்!

அலை அடிக்காமல் அமைதியாகத் தெரியும் இடத்தில்தான் எமன் இருக்கிறான். கரைக்கு வந்த தண்ணீர் வாய்க்கால் போல அங்கேதான் திரும்ப கடலுக்கு ஓடும். சிக்கினால் எதிர்த்து நீந்தாதீர்கள், கை ஓய்ந்து போகும். கரையை ஒட்டி பக்கவாட்டில் நீந்தி வெளியே வந்து, பிறகு கரை சேருங்கள்.

ஊர் சுற்ற வந்தவர் மறுநாள் மூட்டையைக் கட்டி விடுவார். கடலோடு கிடப்பவன் குப்பத்துப் பையன். அவன் கை பாட்டிலுக்குப் போகாமல் பலகைக்குப் போனால், அவன் வீட்டில் அடுப்பு எரியும்!