ஒரு கோடு போதுமா? ஆய்வுக்கூடத்தில் த்ராம்பின் தேடல்

இரண்டு நாள் சோதனை முடிந்து படத்தைப் பார்க்கிறீர்கள். எதிர்பார்த்த இடத்தில் ஒரு கறுப்புக் கோடு. தேடிய புரதம் கிடைத்துவிட்டது என்று அறிக்கையில் எழுதிவிடலாமா?

உயிர்மருத்துவம், உயிரியல் தொழில்நுட்பம் பயிலும் மாணவர்கள் இறுதியாண்டு ஆய்வில் சந்திக்கக்கூடிய கேள்வி இது. ரத்தம் உறைவதில் முக்கியப் பங்காற்றும் த்ராம்பின் என்ற நொதியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதற்கு விடை தேடுவோம்.

தேடப்படும் நொதி

த்ராம்பின் எந்நேரமும் செயல்பட்டால் ரத்த நாளங்கள் அடைத்துக்கொள்ளும். அதனால் கல்லீரல் அதைச் செயலற்ற வடிவமான புரோத்ராம்பினாகத் தயாரித்து ரத்தத்தில் விடுகிறது. காயம் ஏற்பட்டதும், செயலூக்கம் பெற்ற பத்தாம் உறைகாரணி புரோத்ராம்பினை வெட்டி த்ராம்பினாக்குகிறது. ரத்தத்தில் கரைந்திருக்கும் ஃபைப்ரினோஜனை த்ராம்பின் ஃபைப்ரின் இழைகளாக மாற்றுகிறது. அந்த இழைவலையில் ரத்த அணுக்கள் சிக்கிக்கொள்ள, ரத்தம் உறைகிறது.

தேடும் கருவி

1979இல் அறிமுகமாகி, பின்னர் வெஸ்டர்ன் பிளாட் என்று பெயர்பெற்ற முறையில், மாதிரியிலுள்ள புரதங்கள் ஜெல்லில் எடைவாரியாகப் பிரிக்கப்பட்டு ஒரு மெல்லிய சவ்வுக்கு மாற்றப்படுகின்றன. தேடும் புரதத்தோடு ஒட்டக்கூடிய எதிர்ப்பொருளை அதன்மீது ஊற்றுவார்கள். அந்த எதிர்ப்பொருளை அடையாளம் கண்டு ஒளி உண்டாக்கும் இரண்டாவது எதிர்ப்பொருள், புரதம் இருக்கும் இடத்தைக் கோடாகக் காட்டிவிடும்.

முதல் எதிர்ப்பொருள் பாலிகுளோனல் வகையாக இருக்கலாம். முயல் அல்லது ஆட்டின் உடலில் அந்தப் புரதத்தைச் செலுத்தினால், பல்வேறு நோயெதிர்ப்பு அணுக்கள் பல்வேறு எதிர்ப்பொருள்களைச் சுரக்கும். அந்தக் கலவையே இது. ஒரே புரதத்தின் பல இடங்களில் ஒட்டுவதால், குறைந்த அளவு புரதத்தையும் இது கண்டுபிடித்துவிடும். மோனோகுளோனல் எதிர்ப்பொருளோ ஓரிடத்தில் மட்டுமே ஒட்டும்.

பலமே பலவீனம்

பல இடங்களில் ஒட்டும் கலவை, வேறு புரதங்களிலும் ஒட்டக்கூடும். ஏழாம், ஒன்பதாம், பத்தாம் உறைகாரணிகள் அமைப்பில் புரோத்ராம்பினுக்கு நெருங்கிய உறவு. எனவே ஒரு கோடு தெரிவதால் மட்டும் அது த்ராம்பின் என்று உறுதியாகிவிடாது.

மறுபுறம், கூடுதலாகத் தெரியும் கோடுகள் எல்லாம் தவறும் அல்ல. புரோத்ராம்பினின் எடை சுமார் 72 கிலோடால்டன். த்ராம்பினின் எடை சுமார் 37. த்ராம்பின், புரோத்ராம்பினிலிருந்து வெட்டப்பட்ட துண்டு என்பதால் ஒரே எதிர்ப்பொருள் இரண்டையும் காட்டக்கூடும். ஆன்டித்ராம்பின் என்ற புரதம் த்ராம்பினைப் பிடித்துவைத்திருந்தால், 72க்கும் மேலே இன்னொரு கோடு வரலாம். சிட்ரேட் சேர்த்து உறையாமல் வைத்த பிளாஸ்மாவையும், ரத்தம் உறைந்தபின் கிடைக்கும் சீரத்தையும் அருகருகே வைத்துச் சோதித்தால் இந்த வேறுபாடு புலப்படும். பிளாஸ்மாவில் புரோத்ராம்பின் முழுமையாக இருக்கும். சீரத்தில் அதன் பெரும்பகுதி செலவாகியிருக்கும்.

நம்புவதற்கு முன்

ஆகவே மாதிரியோடு மூன்று ஒப்பீடுகளையும் ஓட்டுங்கள். தூய த்ராம்பினை ஒரு தடத்தில் வையுங்கள். கோடு எங்கே வரவேண்டும் என்பது தெரியும். புரோத்ராம்பின் நீக்கிய பிளாஸ்மாவை இன்னொரு தடத்தில் வையுங்கள். அங்கும் அதே கோடு வந்தால் சந்தேகப்படுங்கள். தனியாக ஒரு சவ்வில் முதல் எதிர்ப்பொருள் இல்லாமல் இரண்டாவதை மட்டும் ஊற்றுங்கள். அப்போதும் கோடு வந்தால் அது பொய்க்கோடு.

எதிர்ப்பொருள் புட்டியில் உள்ள தயாரிப்புத் தொகுதி எண்ணையும் குறித்துவையுங்கள். ஒரு விலங்கின் ரத்தம் தீர்ந்தால் அந்தக் கலவையும் தீர்ந்தது. அடுத்த விலங்கு தரும் கலவை அதேபோல் இருக்காது. ஓர் ஆண்டு கழித்து அதே சோதனை வேறு முடிவைத் தந்தால், காரணம் உங்கள் கைப்பிழையாக இல்லாமல் புதிய புட்டியாகவும் இருக்கலாம்.

இது மாணவர்களின் சிக்கல் மட்டுமன்று. 2015இல் நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வாளர்கள் நேச்சர் இதழில் இதே குறையைச் சுட்டிக்காட்டினர். தரம் உறுதிசெய்யப்படாத எதிர்ப்பொருள்களால் பணமும் உழைப்பும் வீணாகின்றன என்று கூறி, ஆய்வுக்குரிய எதிர்ப்பொருள்களின் மரபுத்தொடர் அறியப்பட்டிருக்க வேண்டும் என வலியுறுத்தினர்.

ஒப்பீட்டுச் சோதனைக்கு இன்னும் ஒரு நாள் செலவாகலாம். ஆனால், “இது த்ராம்பின்தான் என்று எப்படித் தெரியும்?” என்று தேர்வாளர் கேட்கும்போது, உங்களிடம் பதில் இருக்கும்.