அந்தச் சிவப்பு அட்டையைக் கழற்றாதீர்கள்!

ஸ்காபுரோவில் நாங்கள் வேலை செய்த ஒரு பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் 2014ஆம் ஆண்டு மாசி மாதம் ஓர் இரவு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம். இதை நாங்கள் இதுவரை வீட்டில்கூடச் சொன்னதில்லை. புதிதாக வந்து பக்டரி வேலைக்குப் போகத் தொடங்கியிருக்கும் குடும்பங்களுக்கு உதவும் என்பதற்காகவே இப்போது எழுதுகிறோம்.

நாங்கள் மூன்று பேர். மூன்று பேரும் ஏஜென்சி மூலம் போனவர்கள். இரவு பதினொரு மணி ஷிப்ற். பிழையாக வார்த்த பிளாஸ்ரிக் சாமான்களைக் கூடைகளில் அள்ளிக் கிரைண்டரில் போடுவதுதான் எங்கள் வேலை. கிரைண்டர் என்றதும் வீட்டில் உழுந்து அரைக்கும் கிரைண்டரை நினைக்க வேண்டாம். இது ஆள் உயரத்துக்கு மேலான இரும்புப் பெட்டி. உள்ளே கத்திகள் பூட்டிய உருளை சுற்றும். தடித்த வாளியைப் போட்டால் குறுணி அரிசி போலக் கீழே கொட்டும்.

அன்று நாங்கள் போனபோது கூடைகள் நிரம்பி, சாமான்கள் நிலத்தில் சிதறிக் கிடந்தன. லீட் ஹான்ட் மணிக்கூட்டைக் காட்டிச் சத்தம் போட்டுவிட்டுப் போய்விட்டார். கிரைண்டர் நின்றிருந்தது. அதன் பச்சைப் பொத்தானை மறைத்தபடி ஒரு சிவப்பு அட்டை தொங்கியது. பக்டரியில் இதை 'டாக்' என்பார்கள். 'டேஞ்சர், டூ நொட் ஒப்பரேற்' என்று எழுதியிருந்தது. ஆபத்து, இயக்காதே என்று பொருள். அவ்வளவு இங்கிலீசு எங்களுக்கும் தெரியும். ஆனால் அந்தப் பக்டரியில் வேலை முடிந்தும் கழற்றாமல் விட்ட அட்டைகள் பல மெசின்களில் தொங்கும். இதுவும் அப்படி ஒன்றுதான் என்று நினைத்துவிட்டோம். சுற்றிவரப் பார்த்தோம், ஆள் இல்லை. எங்களில் ஒருவர் அட்டையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் பொத்தானை அமத்தினார். யார் என்று இங்கே எழுதவில்லை. மற்ற இருவரும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். ஆகவே மூன்று பேரும்தான் அமத்தினோம்.

மெசின் ஓடவில்லை. இன்னொரு தரம் அமத்தினோம். அப்போது மெசினுக்குப் பின்பக்கத்திலிருந்து ஒரு தலை நிமிர்ந்தது. மெக்கானிக். வயதான போர்த்துக்கீசக்காரர். முழங்கை வரை இரண்டு கைகளையும் உள்ளே விட்டு, புதுக் கத்திகளுக்கு ஆணி முறுக்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

அவர் எங்களை ஏசவில்லை. கொஞ்ச நேரம் ஒரு வாளியின் மேல் இருந்தார். பிறகு எங்களைச் சுவரோரம் கூட்டிக்கொண்டு போய், அங்கிருந்த பெரிய மெயின் சுவிச்சைக் காட்டினார். அதை 'ஓஃப்' பக்கம் இழுத்து ஒரு சிவப்புப் பூட்டுப் போட்டிருந்தார். சாவி அவருடைய இடுப்புப் பட்டியில் தொங்கியது. நாங்கள் கழற்றிய அட்டையை எடுத்து, அதில் எழுதியிருந்த தன்னுடைய பெயரை எங்களைக் கொண்டு வாசிப்பித்தார். அவருடைய இங்கிலீசும் எங்களுடையது போலத்தான். "கடதாசி பிடிக்காது, பூட்டுத்தான் பிடிக்கும்" என்ற மாதிரி ஒன்று சொன்னார். அந்தப் பூட்டு மட்டும் இல்லாதிருந்தால் நாங்கள் மூன்று பேரும் இன்றைக்கு என்ன மனநிலையில் இருப்போம் என்று நினைத்தால் இப்போதும் நித்திரை வராது.

கிணற்றடியில் நிற்கும் ஆள்

ஊரில் கிணறு கலக்கி இறைப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர் உள்ளே இறங்கிச் சேறு அள்ளுவார். மேலே ஒருவர் அசையாமல் நிற்பார். விளையாடும் பிள்ளைகளைக் கிட்ட விடாமல், யாரும் வாளியை இறக்காமல் பார்ப்பது அவர் வேலை. உள்ளே ஆள் நிற்பது வெளியில் வருபவருக்குத் தெரியாது என்பதால்தான் அந்தக் காவல்.

பக்டரியிலும் அதே நியாயம்தான். ஆனால் இங்கே சத்தம் அதிகம், கூப்பிட்டால் கேட்காது. மெசின் பெரிது, பின்னால் நிற்பவர் தெரியமாட்டார். ஷிப்ற் மாறும்போது ஆட்களும் மாறிவிடுவார்கள். ஆகவே கிணற்றடியில் நின்ற ஆளுக்குப் பதிலாக இங்கே ஒரு பூட்டும் ஒரு அட்டையும் நிற்கின்றன. இதைத்தான் 'லொக் அவுட், டாக் அவுட்' என்கிறார்கள். பூட்டு மெசினை ஓடவிடாமல் தடுக்கும். அட்டை ஏன் ஓடக்கூடாது, யார் உள்ளே வேலை செய்கிறார், எப்போது பூட்டினார் என்று சொல்லும். அட்டையில் பெயரும் திகதியும் காரணமும் எழுதியிருக்க வேண்டும். சில இடங்களில் ஆளின் படமும் இருக்கும். பெயர் இல்லாத அட்டையை ஒருவரும் மதிக்கமாட்டார்கள்.

அட்டை மட்டும் போதுமா? போதாது. அதற்கு நாங்களே சாட்சி. ஒன்ராறியோ மாகாணத்தில் தொழிற்சாலைகளுக்கான 851ஆம் இலக்க ஒழுங்குவிதி இதைத் தெளிவாகச் சொல்கிறது. மெசினைத் துப்புரவாக்குவது, எண்ணெய் விடுவது, திருத்துவது எல்லாம் அது நின்ற பிறகுதான் செய்யவேண்டும். நின்ற பகுதி திரும்ப அசையக்கூடியது என்றால் அதற்கு முட்டுக் கொடுக்கவேண்டும். மெசின் ஓடத் தொடங்கினால் ஆளுக்கு ஆபத்து என்றால் சுவிச்சைப் பூட்டவேண்டும். அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டு தை மாதம் நடைமுறைக்கு வந்த விதியும் அட்டை என்பது எச்சரிக்கைதான், தடுப்பு அல்ல என்றே சொல்கிறது. அங்கே அட்டையைக் கட்டும் நைலோன் பட்டி 50 இறாத்தல் இழுவைக்காவது கழரக்கூடாது. நூலில் கட்டித் தொங்கவிட்டது அட்டை ஆகாது.

கை வைக்க முதல்

இடத்துக்கு இடம் சின்னச் சின்ன வித்தியாசம் இருக்கும். ஆனால் ஒழுங்கு இதுதான்:

1. அந்த மெசினில் வேலை செய்யும் எல்லோருக்கும் "நிற்பாட்டப் போகிறோம்" என்று சொல்லவேண்டும்.

2. மெசினை முறைப்படி நிற்பாட்டவேண்டும்.

3. மின்சாரம், காற்று, எண்ணெய் அமுக்கம், நீராவி என்று மெசினுக்கு வரும் ஒவ்வொரு வழியையும் அடைக்கவேண்டும். பொத்தானை 'ஓஃப்' செய்வது அடைப்பது ஆகாது.

4. ஒவ்வொரு வழியிலும் பூட்டும் அட்டையும் போடவேண்டும்.

5. உள்ளே தங்கி நிற்கும் சக்தியை வெளியேற்றவேண்டும்.

6. ஆட்களை விலகச் சொல்லிவிட்டுப் பொத்தானை அமத்திப் பார்க்கவேண்டும். ஓடவில்லை என்று கண்ட பிறகு பொத்தானைத் திரும்ப 'ஓஃப்' நிலையில் விடவேண்டும். அதன் பிறகுதான் கை உள்ளே போகலாம்.

ஆறாவதைப் பலர் விட்டுவிடுவார்கள். பிழையான சுவிச்சைப் பூட்டிவிட்டு, சரியான சுவிச் என்று நம்பிக் கை வைத்தால் பூட்டிருந்தும் பிரயோசனம் இல்லை.

ஐந்தாவதையும் கொஞ்சம் விளங்கப்படுத்த வேண்டும். நிற்கும் மெசினும் கடிக்கும். மின்சாரத்தை வெட்டிய பிறகும் காற்றுக் குழாயில் அமுக்கம் இருக்கும். இழுபட்ட ஸ்பிரிங் விடுபடப் பார்க்கும். உயர்த்தி வைத்த பாரமான பகுதி தானாக இறங்கும். அந்தப் போர்த்துக்கீசப் பெரியவர் கத்தி உருளைக்கு ஓர் இரும்புக் கட்டையை முட்டுக் கொடுத்திருந்தார். மோட்டர் ஓடாவிட்டாலும் உருளை தன் பாரத்தில் சுழன்று விரலை வெட்டும் என்று அவருக்குத் தெரியும்.

வேலை முடிந்ததும் சாவி குறடு எல்லாம் எடுத்து, காப்பு மூடிகளைத் திரும்பப் பூட்டி, ஆட்கள் விலகிவிட்டார்களா என்று பார்த்து, அவரவர் தன்தன் பூட்டையும் அட்டையையும் கழற்றவேண்டும். பூட்டியவர் மறந்துபோய் வீட்டுக்குப் போய்விட்டால், அவர் உள்ளே இல்லை என்று நிச்சயப்படுத்தி அதைக் கழற்றுவதற்கு மேலதிகாரிக்கு எழுதிய முறை இருக்கும். அது எங்கள் வேலை அல்ல.

எங்கள் ஆட்கள் விடும் பிழைகள்

பத்து வருடத்துக்கு மேலாகப் பல பக்டரிகளில் பார்த்ததைச் சொல்கிறோம். கோபிக்க வேண்டாம்.

"இரண்டு நிமிஷ வேலைதானே." பெல்ற்றில் ஒரு பெட்டி சிக்கிவிட்டால் பூட்டுத் தேடி மினக்கெடாமல் கையை விட்டு இழுப்பது. சிக்கியதை எடுப்பதும் திருத்த வேலைதான். சிக்கு விடுபட்டதும் பெல்ற் பாயும்.

"அண்ணை பூட்டியிருக்கிறார், எனக்கு ஏன்?" இரண்டு பேர் வேலை செய்தால் இரண்டு பூட்டு. ஒரே சுவிச்சில் பல பூட்டுப் போடுவதற்கென்றே துளைகள் உள்ள கொளுவி இருக்கிறது. அண்ணை தன் வேலையை முடித்துத் தன் பூட்டைக் கழற்றும்போது நீங்கள் உள்ளே நிற்கலாம். அவருக்கு அது தெரியாது.

"சாவியைத் தம்பியிடம் கொடுத்திருக்கிறேன்." உங்கள் பூட்டின் சாவி உங்கள் சட்டைப் பையில் மட்டும் இருக்கவேண்டும்.

வேலை முடிந்தும் அட்டையை விட்டுவிட்டுப் போவது. இதுதான் எங்களைக் கெடுத்தது. பொய் அட்டைகள் தொங்கும் இடத்தில் உண்மை அட்டையை ஒருவரும் நம்பமாட்டார்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய பிழை, கேட்க வெட்கப்படுவது. இங்கிலீசு பிழைத்துவிடும், நாளைக்கு ஏஜென்சி கூப்பிடாது, கேஸ் இன்னும் முடியவில்லை என்று பயந்து தலையாட்டிவிடுகிறோம். அன்றிரவு நாங்கள் லீட் ஹான்டிடம் "இந்த அட்டை யாருடையது?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். அவர் கோபிப்பார் என்ற பயத்தில்தான் கேட்கவில்லை.

சட்டம் உங்களுக்கும்தான்

யோர்க் மில்ஸ் சப்வே நிலையத்தில் ஒரு பெரிய தையல் படம் தொங்குவதைச் சிலர் கண்டிருப்பீர்கள். 1960ஆம் ஆண்டு பங்குனி 17ஆம் திகதி, அதற்குக் கிட்ட ஹொக்ஸ் ஹொலோ என்ற இடத்தில், டொன் ஆற்றின் கீழ் தண்ணீர்க் குழாய்க்குச் சுரங்கம் வெட்டிக்கொண்டிருந்த ஐந்து இத்தாலியத் தொழிலாளிகள் தீயிலும் புகையிலும் அகப்பட்டு இறந்தார்கள். அவர்களும் எங்களைப் போலப் புதிதாக வந்தவர்கள்தான். அந்தச் சாவுகளுக்குப் பிறகு எழுந்த கண்டனத்தால்தான் இந்த மாகாணத்தின் பாதுகாப்புச் சட்டங்கள் திருத்தப்பட்டன. இன்று இருக்கும் தொழில் சுகாதாரப் பாதுகாப்புச் சட்டம் 1979ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. வந்து குடியேறியவர்களின் உயிர் கொடுத்து வாங்கிய உரிமையை நாங்கள் பயத்தில் விட்டுவிடக்கூடாது.

அந்தச் சட்டத்தில் தொழிலாளிக்கு மூன்று உரிமைகள் உண்டு. ஆபத்தை அறியும் உரிமை, பாதுகாப்பு விஷயங்களில் பங்குபற்றும் உரிமை, ஆபத்தான வேலையை மறுக்கும் உரிமை. சம்பளத்துக்கு வேலை செய்பவருக்கு இவை உண்டு. ஏஜென்சி ஆளா, கொம்பனி ஆளா, அகதிக் கோரிக்கை முடிந்தவரா என்று அது பிரிப்பதில்லை. 2014ஆம் ஆண்டு ஆடி 1ஆம் திகதியிலிருந்து ஒவ்வொரு தொழிலாளியும் அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சி பெற்றிருக்கவேண்டும் என்பதும் விதி.

மறுப்பது எப்படி? வேலையை நிறுத்தி, சுப்பவைசரிடம் உடனே காரணத்தைச் சொல்லி, பக்கத்தில் பாதுகாப்பான இடத்தில் நிற்கவேண்டும். கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போகக்கூடாது. சுப்பவைசர் தொழிலாளர் பிரதிநிதியை வைத்துக்கொண்டு பார்வையிடவேண்டும். அப்படியும் ஆபத்து என்று நினைக்க நியாயமான காரணம் இருந்தால் தொழில் அமைச்சின் பரிசோதகரைக் கூப்பிடவேண்டும். இடையில் இன்னொருவரை அந்த வேலைக்கு விடுவதானால், நீங்கள் மறுத்ததையும் காரணத்தையும் அவருக்குச் சொல்லவேண்டும். மறுத்ததற்காக வேலையால் நிற்பாட்டுவதும் சம்பளம் வெட்டுவதும் குற்றம். தொலைபேசி இலக்கம் அமைச்சின் பாதுகாப்புச் சுவரொட்டியில் இருக்கிறது. இன்றைக்கே பார்த்து எழுதி வையுங்கள்.

புதிதாக வேலைக்குப் போகும் தம்பி தங்கைகள் மூன்று வசனங்களைப் பாடமாக்குங்கள். "இஸ் திஸ் லொக்ட் அவுட்?" இது பூட்டியிருக்கிறதா? "ஹூஸ் டாக் இஸ் திஸ்?" இது யாருடைய அட்டை? "ஐ வோஸ் நொட் ட்ரெயின்ட் ஃபோர் திஸ்." இதற்கு எனக்குப் பயிற்சி தரவில்லை. உச்சரிப்புப் பிழைத்தால் பரவாயில்லை, விளங்கும்.

வீட்டில் இருக்கும் அம்மாமாருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை வேலைக்குப் போய் வந்ததும் எத்தனை மணித்தியாலம், எவ்வளவு காசு என்று கேட்கிறோம். அதோடு "உனக்கு உன்ரை பூட்டுத் தந்தவையளோ?" என்றும் ஒரு தரம் கேளுங்கள். இல்லை என்று சொன்னால், மெசினைத் துப்புரவாக்கவோ திருத்தவோ அவர் கை உள்ளே போகக்கூடாது.

அந்தப் போர்த்துக்கீசப் பெரியவர் இரண்டு கைகளோடும் ஓய்வுபெற்றுப் போனார். கடைசி நாள் எங்கள் மூவருக்கும் கைகொடுத்துவிட்டுத்தான் போனார்.